ஐந்து தலை ஹைட்ரா: ஓய்வுக்காகத் தொடங்கிய பெயின்டிங் பாரமானதும் மீண்டதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்த நிகழ்வில் இருப்பவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு கணக்காளர். பகல் முழுக்கக் கணினித் திரை, ராத்திரி கைபேசித் திரை. மாதக் கடைசியில் அலுவலக வேலை வீட்டுக்கும் கூடவே வரும். படுத்தால் தூக்கம் பிடிக்க நேரமாகும். நடு இரவில் விழிப்பு வந்துவிட்டால் மனம் தானாக எண்களைக் கூட்டத் தொடங்கிவிடும். படுக்கப் போகும் முன் திரை இல்லாமல், கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறார், நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார். 1974இல் வெளியான இந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பகடை உருட்டுவார்கள். அப்போது மேசைமேல் வைக்கும் வீரர்களும் அரக்கர்களும்தான் மினியேச்சர்கள். மனித உருவம் என்றால் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். அரக்க உருவம் உள்ளங்கை அளவுக்கும் போகும். மகள் ஒரு சின்ன உருவத்துக்கு பெயின்ட் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு மாலையில் தனக்கே மனம் லேசானதாக அவர் பிறகு சொன்னார். சரி, நாமும் ஒன்று அடிப்போம் என்று இறங்கினார்.

இறங்கும்போதே இரண்டு தீர்மானங்கள் நடந்துவிட்டன. மகளின் குழுவுக்குக் கதையின் கடைசிச் சண்டையில் ஐந்து தலை ஹைட்ரா (கிரேக்கக் கதைகளில் வரும் பல தலைப் பாம்பு அரக்கன்) தேவைப்பட்டது, அதையே வாங்கினார். ரெசினில் (அச்சில் ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் மாதிரியான பொருள்) வார்த்த, பல துண்டுகளாக வரும் மாடல். அந்தச் சண்டைக்கு நாளும் குறித்தாயிற்று. "அதுக்குள்ள நான் முடிச்சுத் தர்றேன்மா" என்று வாக்குக் கொடுத்தார். முதல்முறை பிரஷ் பிடிப்பவருக்கு ஐந்து முகம், பத்துக் கண், எண்ண முடியாத செதில்கள், மேலே ஒரு கெடு தேதி. மருத்துவர் சொன்ன காரணத்துக்கும் இந்த வேலைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை. அப்பா ஆசையாகச் செய்கிறாரே என்று மகளுக்கும் சந்தோஷம்தான்.

நான் பல வருடமாக மினியேச்சர்களுக்கு பெயின்ட் அடிப்பவன். தெரிந்தவர் ஒருவர் வழியாக இவர் அறிமுகமானார். மாடலோடு என் மேசைக்கு அவர் வந்தபோது வேலை தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஓடியிருந்தது. அதற்கு முன் நடந்தது அவரும் மகளும் சொன்னது. அதன் பிறகு நடந்தது நான் பார்த்தது.

## முதல் மாதம்

ரெசின் துண்டுகள் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர, அச்சுக்குள் வழவழப்பான ஒரு பூச்சு கொடுப்பார்கள். அதன் மிச்சம் துண்டுகள்மேல் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும். இவர் கழுவவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பின்னால் ஒரு கழுத்தில் அதன் பலன் தெரிந்தது. பெயின்ட், அது பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சான பிரைமரோடு சேர்ந்து தோலாக உரிந்து வந்தது.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தின்மேல் ஒரு மெல்லிய வரம்பு ஓடும். கத்தி அலகைச் சாய்த்துப் பிடித்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சலிப்பான வேலை என்று பலர் இதை அவசரமாக முடித்துவிடுவார்கள். இவருக்கு அதுதான் பிடித்திருந்தது. விரல் நுனியால் கழுத்தைத் தடவுவது, வரம்பு தட்டுப்படும் இடத்தைச் சுரண்டுவது, மறுபடி தடவிப் பார்ப்பது. "அந்த வாரம் நல்லாத் தூங்கினேன்" என்று போகிற போக்கில் சொன்னார். பின்னால் எடுத்த முடிவுகளுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் பிடி கொடுத்தது. (ரெசினை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் போட வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

அப்புறம் எல்லாத் துண்டுகளையும் சூப்பர் க்ளூவால் ஒட்டி முழு உருவமாக்கினார். பெட்டியிலிருந்த படத்தில் அது முழுசாகத்தானே நின்றது. ஐந்து கழுத்துகளும் ஒன்றையொன்று சுற்றி நெளியும் அமைப்பு என்பதால், உள்பக்கத் தாடைகளுக்கும் நடுக் கழுத்துக்கும் பிரஷ் போகவே வழியில்லாமல் ஆனது.

பிரைமர் அடித்தது மழை விட்ட ஒரு மாலையில். ஸ்ப்ரே பிரைமருக்கு ஈரக் காற்று ஆகாது. கேனைத் தள்ளிப் பிடித்தால் துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்து தூளாக விழும், கிட்டே பிடித்தால் நுணுக்கங்கள் மூழ்கிவிடும். பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரமும் ஈரமில்லாத நாளும் வேண்டும். கெடு நெருங்கியதால் நல்ல நாளுக்குக் காத்திருக்க இவருக்கு மனம் வரவில்லை. முதுகுப் பக்கம் சொரசொரவென்று ஆகிவிட்டது.

பெயின்ட் தொடங்கியதும் ராத்திரி சாப்பாடு முடிந்து, பத்தரைக்கு மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் டேப்லெட், அதில் ஒருவர் செய்வதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அப்படியே செய்வது. பாட்டிலிலிருந்து பெயின்டை எடுத்துத் தண்ணீர் கலக்காமல் அடித்தார். கோடு கோடாகத் தெரிந்தது. அதை மறைக்க இன்னொரு பூச்சு, அது சரியில்லை என்று மேலே இன்னொன்று. வலது ஓரத் தலையில் செதில்களின் இடுக்குகள் முழுக்க அடைபட்டன. ஹெர்குலிசுக்கு வெட்ட வெட்டத் தலை முளைத்தது. இவருக்கு அடிக்க அடிக்க ஒரே தலை தடித்துக்கொண்டே போனது. எழுந்திருக்கும்போது மணி ஒன்று தாண்டியிருக்கும்.

## நான் பார்த்தவை

முதலில் மாடலைப் பார்த்தேன். ஒரு தலை தடித்த பெயின்டோடு இருந்தது, ஒரு கழுத்து உரிந்திருந்தது, மீதி எல்லாம் பிரைமரின் சாம்பல் நிறம். பிறகு, என்னிடம் இருந்த ஒரு பழைய உருவத்தைக் கொடுத்து, வீட்டில் செய்கிற மாதிரியே கொஞ்ச நேரம் அடிக்கச் சொன்னேன். முழங்கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. கழுத்து முன்னால் தள்ளியிருந்தது. பிரஷை உருவத்தில் வைக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்தது மிகச் சின்ன, மூன்று பூஜ்ய பிரஷ். சின்ன வேலைக்குச் சின்ன பிரஷ் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அவ்வளவு சின்ன முடியில் பெயின்ட் நிற்காது. உருவத்தைத் தொடும் முன்பே நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கும் ஒன்றாம் நம்பர் பிரஷ் கண் வரைவதற்குக்கூடப் போதும்.

"ஓய்வுக்காக ஆரம்பிச்சது. இப்போ இதுலயும் பாக்கி நிக்குது" என்றார். கணக்காளரின் வார்த்தை, சரியான வார்த்தையும்கூட.

அவர் சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெயின்ட் அடிக்கும்போது அவருக்கு அலுவலக நினைப்பு வருவதில்லை. அந்த அளவில் வேலை பலித்திருந்தது. எழுந்த பிறகுதான் சிக்கல். படுக்கையில் அலுவலக எண்களுக்குப் பதிலாக ஹைட்ராவின் தலை ஓடியது. எங்கே தப்பு, நாளைக்கு எதைத் திருத்துவது, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. கவனம் மாறியிருந்தது, கணக்கு வைக்கும் மனநிலை அப்படியேதான் இருந்தது.

முடிவு எதுவும் எடுக்கும் முன் ஒரு சின்ன நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதச் சொன்னேன்: எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார், என்ன வேலை செய்தார், தோளும் தூக்கமும் எப்படி. கணக்காளர் என்பதால் இதை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் கெடுவை எடுத்தோம். அதை எடுத்தது உண்மையில் மகள்தான். "அப்பா, பேப்பர்ல வரைஞ்சு வெச்சாக்கூட நாங்க விளையாடுவோம். இதுக்காகவா முழிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். பிரைமர் அடித்த நிலையிலேயே மாடலைச் சண்டைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. அவருக்கு இதில் வருத்தம் இருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார். இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த கேள்வி, பெயின்டை முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா என்பது. அப்படிச் செய்தால் ஒரு மாத உழைப்பும் வீண் என்று ஆகிவிடும். சொரசொரத்த முதுகை விட்டுவிட்டோம். ஊர்வன உருவத்தில் அது தோல் மாதிரியே தெரியும். தடித்த தலையையும் உரிந்த கழுத்தையும் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பல் பிரஷால் தேய்த்து எடுத்தோம். இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ஆல்கஹாலிலும் சில ரெசின் வகைகள் அதிக நேரம் ஊறினால் இளகும். அதனால் வெளியே தெரியாத ஒரு மூலையில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

அந்த வேலைக்காகத் தலைகளைக் கழுத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தோம். லேசாகத் திருகியதும் ஒட்டு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. ஒரு தலை மட்டும் கழுத்தில் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது, அதைப் பிறகு இரண்டு பாகங்களைக் கலந்து பிசையும் மக்கு வைத்து அடைத்தார்.

கழற்றிய தலைகளைத் திரும்ப ஒட்டவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் கை டிரில்லால் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி, ஒவ்வொரு தலையையும் ஒரு கார்க்கில் நட்டு வைத்தோம். உள்தாடைக்கு பிரஷ் போக வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் வேறொன்றும் நடந்தது. ஐந்து தலை ஹைட்ரா என்ற பெரிய வேலை, கைக்குள் அடங்கும் ஐந்து சின்ன வேலைகளாகப் பிரிந்தது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு தலைதான் இருக்கலாம், மற்றவை டப்பாவுக்குள் என்று அவரே விதி வைத்துக்கொண்டார்.

பெயின்ட் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. காற்றுப் புகாத டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர்; இதுதான் ஈரத் தட்டு. அதில் வைத்த பெயின்ட் மணிக்கணக்கில் காயாது. காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றம் இதனால் போகும். தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய இரண்டு பூச்சு. தண்ணீர் அதிகமானால் பெயின்டின் பிடிமானம் போய், நிறம் இடுக்குகளுக்கு ஓடிவிடும். அவ்வளவுதான்.

வெளிச்சத்தில்தான் உண்மையான முரண்பாடு இருந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் பகல் வெளிச்சம் போன்ற விளக்கைத்தான் பரிந்துரைப்பார்கள்: வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்லும் கெல்வின் அளவு 5000 முதல் 6500 வரை, நிறத்தை உள்ளபடி காட்டும் சிஆர்ஐ அளவு 90க்கு மேல். நிறம் பார்க்க அது சரி. ஆனால் படுக்கப் போகும் முன் நீலம் கலந்த பிரகாசமான வெளிச்சத்தில் உட்கார்ந்தால், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். தூக்கத்துக்காகத் தொடங்கிய வேலைக்கு அந்த விளக்கு எதிரி. சிஆர்ஐ வேறு, கெல்வின் வேறு என்பது இங்கே கைகொடுத்தது. சிஆர்ஐ 90க்கு மேலுள்ள, 3000 கெல்வினுக்கு உட்பட்ட மஞ்சள் வெளிச்ச விளக்கும் கிடைக்கிறது. ராத்திரிக்கு அதை வைத்துக்கொண்டார். நிறம் தேர்ந்தெடுப்பதும் கண் வரைவதும் விடுமுறை நாள் பகலுக்குப் போனது.

டேப்லெட் அறைக்கு வெளியே போனது. பாட்டு மட்டும் இருக்கலாம்.

கடைசியாக, எப்போது எழுந்திருப்பது என்ற கேள்வி. அலாரம் வைத்துப் பார்த்தார், அதை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். நேரக் கட்டுப்பாடு அவரிடம் வேலை செய்யாது என்று தெரிந்தது. அதனால் வேலையின் போக்கிலேயே ஒரு நிறுத்தம் தேடினோம். வாஷ் என்பது இடுக்குகளில் ஓடித் தேங்கி நிழல் கொடுக்கும் மெல்லிய நிறநீர். அது காய அரை மணி நேரமாவது ஆகும். பாதி காய்ந்த நிலையில் பிரஷ் வைத்தால் கறை விளிம்பு விழுந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இரவும் வாஷில் முடியும்படி வேலையை அடுக்கினோம். வாஷ் ஓட்டியாயிற்று என்றால் தொடக்கூடாது. தொட முடியாத ஒன்றின் முன்னால் யாரும் அதிக நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

## தலை தலையாக நடந்தது

சுத்தம் செய்த வலது ஓரத் தலையிலிருந்தே மறுபடி தொடங்கினார். நான் அன்று கூட இருந்தேன். அடிப்பூச்சு மங்கிய நீலப்பச்சை, முந்தைய நாளே காய்ந்திருந்தது. அன்றைய வேலை டிரைபிரஷ். முடி தேய்ந்த ஒரு தட்டை பிரஷில் வெளிறிய பச்சையைத் தொட்டு, டிஷ்யூ பேப்பரில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேப்பரில் நிறம் ஒட்டுவது நிற்கும் வரை. பிறகு செதில் வரிசைக்குக் குறுக்கே லேசாக வீசினார். முதல் சில வீச்சுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் பெயின்ட் தொடட்டுமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். பிறகு நெற்றிப் பக்கத்தில் ஒரு செதிலின் விளிம்பு தெரிந்தது. அப்புறம் அதன் பக்கத்துச் செதில். கொஞ்ச நேரத்தில் புருவ முகட்டிலிருந்து மூக்கு வரை ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக எழும்பி நின்றது. அவர் ஒரு செதிலைக்கூடக் குறிவைத்து அடிக்கவில்லை. தோள் எப்போதோ இறங்கியிருந்தது, மூச்சும் சீராக வந்தது.

செதில், ரோமம், கரடுமுரடான தோல் என்று மேடு பள்ளம் நிறைந்த அரக்க உருவங்கள் ஓய்வுக்கு ஏற்றவை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மனித முகத்தில் கை கொஞ்சம் பிசகினாலும் தெரியும். செதிலில் பிசகு தெரியாது, உருவமே பாதி வேலையைச் செய்துவிடும். யாரும் நேரில் பார்த்திராத உயிர் என்பதால் நிறத்தில் தப்பு சொல்லவும் ஆளில்லை.

இரண்டாவது தலையில் வாஷ் மூக்குத் துளையில் குளமாகத் தேங்கியது. ஈரமான சுத்த பிரஷ் நுனியை வைத்ததும் உறிஞ்சிக்கொண்டது. உடனே கவனித்ததால் சரியானது. வயிற்றுப் பக்கமும் தொண்டையும் வெளிறிய காவி, வாய்க்குள் கருஞ்சிவப்பு. நிறச் சக்கரத்தில் நீலப்பச்சைக்கு எதிர்ப்பக்க நிறம் சிவப்பு என்பதால், மேசையின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் திறந்த வாய்தான் முதலில் தெரியும். மொத்தம் ஐந்தாறு பாட்டில்களுக்கு மேல் திறக்கவில்லை.

இந்தக் கட்டத்தின் நோட்டு வரிகள் குறுகலாக இருக்கின்றன. "பன்னிரண்டுக்குள் படுத்தேன்." "தோள் பரவாயில்லை." "இடையில் ஒருமுறை விழிப்பு, மறுபடி தூங்கினேன்." இடையில் சண்டை நாளும் வந்து போனது. அடித்த இரண்டு தலையும் அடிக்காத மூன்று தலையுமாக ஹைட்ரா மேசைக்குப் போய் வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை என்று அவரே கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொன்னார்.

## மூன்றாவது தலையில் வந்த சறுக்கல்

இரண்டு தலைகளின் படத்தைச் சொந்தக்காரர்களின் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். "பொம்மைக்கா இவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கேட்டார். அது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பொம்மையிலிருந்து வந்தவைதான் இந்த விளையாட்டின் அரக்கர்களில் சில. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட பிராணி ஒரு மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து உருவானதுதான் என்று மகள் சொல்ல, அதையே அந்தக் கேள்விக்குப் பதிலாக அனுப்பிவிட்டார். பாதித்தது பாராட்டுதான். "போட்டிக்கே அனுப்பலாம்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து போட்டி மாடல்களின் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். மூன்றாவது தலையின் வாயிலிருந்து விஷம் பச்சையாக ஒளிர்ந்து, அந்த ஒளி தாடையிலும் கழுத்திலும் விழுவது போலச் செய்ய நினைத்தார். ஒளி விழும் இடத்தை மெல்லிய பூச்சுகளால் படிப்படியாக ஏற்றுவது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். ஒளி விழாத இடம் போதுமான அளவு இருட்டாக இல்லாவிட்டால் அது ஒளியாகத் தெரியாது, பச்சைக் கறையாகத்தான் தெரியும். இவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. நோட்டில் "ஒன்றரை மணி. தோள் பிடிப்பு" என்று வந்தது. மறுநாளும் அதே போல ஒரு வரி. வாஷில் முடிக்கும் ஏற்பாடும் தானாக உடைந்தது, ஏனென்றால் ஒளிப் பூச்சுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

இதைச் செய்யாதீர்கள் என்று சொல்வது எளிது. அவர் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் சந்தோஷமும் இந்தப் பொழுதுபோக்கில் சேர்ந்ததுதான். சுரண்டிய வாரமும் டிரைபிரஷ் இரவுகளும் அவருக்கு ஏன் ஒத்துப்போயின என்பதை இந்த இரண்டு வரிகளோடு வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. அவை கைக்குப் பழகிய வேலைகள். ஒளிப் பூச்சு பழகிக்கொண்டிருக்கும் வேலை. ஒவ்வொரு அடியிலும் சரியா தப்பா என்று மனம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கும். பகலில் அது சுவாரஸ்யம், தூங்கப் போகும் முன் அது அலுவலகம்.

ஆகவே இரண்டையும் நேரத்தால் பிரித்தோம். பழகுவது விடுமுறை நாள் பகலில், அதுவும் ஹைட்ராமேல் வேண்டாம், உடைந்த பழைய உருவத்தின்மேல். ராத்திரிக்குப் பழகியது மட்டும். மூன்றாவது தலையைத் திருத்தவில்லை. தாடையில் கொஞ்சம் பச்சையோடு அப்படியே விட்டார்.

நான்காவது தலை மாதக் கடைசியில் மாட்டிக்கொண்டது. பல நாள் டப்பாவே திறக்கவில்லை, நோட்டில் ஒரு வரிகூட இல்லை. திறந்தபோது ஈரத் தட்டின் பஞ்சில் பூஞ்சை பிடித்து நாறியது. பஞ்சைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தார், பேப்பரை எறிந்தார். இனி உட்காராத நாளில் தட்டில் பெயின்ட் வைத்து மூடக் கூடாது என்று முடிவு செய்தார். பெயின்ட் காத்திருக்கிறது என்ற எண்ணமே ஒரு சின்னக் கெடுதான் என்பது அவருடைய விளக்கம். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

## முடிந்த நிலை

கண்கள் கடைசியாக, ஒரு விடுமுறை நாள் பகலில். குழியில் கருப்பு, அதற்குள் செம்மஞ்சள், நடுவில் செங்குத்தாக ஒரு கருங்கோடு. முழங்கைகள் மேசையில் ஊன்றியிருந்தன. இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்ததால் கை நடுங்கினாலும் உருவமும் பிரஷும் சேர்ந்தே நடுங்கும். ஒரு கண் கொஞ்சம் மேலே பார்க்கிறது. மாற்றவில்லை.

வார்னிஷில் ஸ்ப்ரேயைத் தவிர்த்தோம், ஈர நாளில் மேட் (பளபளப்பில்லாத) ஸ்ப்ரே வெண்மையாகப் படர்ந்துவிடும். பிரஷால் மேட் வார்னிஷ் பூசி, அது காய்ந்த பிறகு நாக்குக்கும் கண்ணுக்கும் மட்டும் பளபளப்பு வார்னிஷ் கொடுத்தார்.

தலைகளை ஒட்டும் கட்டம் வந்தபோது மகள் தடுத்தார். சண்டையன்று கம்பியில் செருகிய தலைகளை, வெட்டுப்படும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார்களாம். எத்தனை தலை மிச்சம் என்று எழுதி வைக்கும் வேலை மிச்சமானது. ஆகவே க்ளூவுக்குப் பதிலாகக் கழுத்திலும் தலையிலும் சின்ன நியோடிமியம் காந்தங்கள் பதித்தார்கள். காந்தத்தை ஒட்டும் முன் எந்தப் பக்கம் ஈர்க்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும், தலைகீழாக ஒட்டிவிட்டால் தலை கழுத்தை விட்டு விலகித் தள்ளும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் காந்தங்கள் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று ஈர்த்து உயிருக்கே ஆபத்தாகும்.

தூக்கம் முன்பைவிடத் தேவலாம். படுத்ததும் தூங்கும் நாட்கள் கூடியிருக்கின்றன, மாதக் கடைசியில் பழையபடிதான். இதில் பெயின்டிங்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. திரை அறையை விட்டுப் போனதும் படுக்கும் நேரம் ஒழுங்கானதும் அதே சமயத்தில்தான் நடந்தன. 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், காகித ஒட்டு வேலை என்று விருப்பம்போலச் செய்யவிட்டு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் ஹார்மோனை முன்னும் பின்னும் எச்சிலில் அளந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. இதைப் பலர் 'கலை மனதுக்கு நல்லது' என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்த 45 நிமிடத்தில் அவர்கள் எதையும் முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவருடைய முதல் மாதத்தில் இல்லாமல் போனது அதுதான்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதே காரணத்துக்காக வேறொருவர் வந்தால் முதல் மாடலைத் தேர்ந்தெடுப்பதிலேயே தலையிடுவேன். ஒரே துண்டாக வரும், ரோமமோ செதிலோ நிறைந்த, ஒரு தலை மட்டும் உள்ள அரக்கன். யாருடைய விளையாட்டுக்கும் தேவைப்படாததாக இருந்தால் இன்னும் நல்லது. பல துண்டு மாடல்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால், ஒட்டும் முன்பே கார்க்கில் நட வைத்துவிடலாம், ஃப்ரீசர் வரை போகத் தேவையில்லை.

விளக்கு விஷயத்தை முதல் நாளே பேசிவிட வேண்டும். பொழுதுபோக்குக்காரர்கள் சொல்லும் விளக்கை வாங்கிவிட்டு, தூக்கம் வரவில்லையே என்று யோசிப்பவர்கள் இவர் ஒருவராக மட்டும் இருக்க முடியாது.

படம் அனுப்புவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். முழு மாடலும் முடிந்த பிறகு அனுப்பலாம் என்று சொல்லிப் பார்க்கலாம். நடுவில் வரும் பாராட்டு அடுத்த தலையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நோட்டிலும் ஒரு குறை. பெயின்டிங், தோள், தூக்கம் மூன்றும் அதில் இருக்கின்றன. மாலையில் காபி குடித்தாரா, அன்று அலுவலகத்தில் வேலை எப்படி, ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு என்பவை இல்லை. இவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி, பெயின்ட் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுத வைத்திருந்தால், எது எதனால் மாறியது என்று இப்போது சொல்வதைவிடக் கொஞ்சம் தைரியமாகச் சொல்லியிருக்கலாம்.